உப்புத்தண்ணீர்த் தொட்டியில் பாசி: டர்பன், ஜோகன்னஸ்பர்க் பக்கம் புதிதாகத் தொட்டி வைத்தவர்களுக்கு

தொட்டி வைத்து இரண்டு மூன்று மாதம் ஆனதும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இந்தப் பாசிக்கு என்ன ஊத்தலாம்?" கடைக்காரரும் சளைக்காமல் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார். ஊற்றினால் ஒரு வாரம் குறையும். அப்புறம் முன்னைவிடத் தடிப்பாக வரும்.

ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு தொட்டி, இப்போது டர்பனில் ஒரு தொட்டி என்று பாசியோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வேலைக்காகத் தென்னாப்பிரிக்கா வந்த நம்மவர்கள் பலருக்குச் சென்னைக் கொளத்தூரில் கப்பியும் கோல்டு ஃபிஷும் வாங்கி வளர்த்த பழக்கம் இருக்கும். அந்தக் கைப்பழக்கம் உப்புத்தண்ணீரில் பாதிதான் உதவும். நன்னீர்த் தொட்டியில் பாசி வந்தால் தண்ணீரை மாற்றி, விளக்கைக் குறைத்தால் பெரும்பாலும் தீரும். இங்கே ஒரு வகைக்குச் செய்கிற வைத்தியம் இன்னொரு வகைக்குத் தீனியாகிவிடும். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்

மூன்று நான்கு நாள் எதையும் ஊற்ற வேண்டாம், புதிதாக எதையும் வாங்கவும் வேண்டாம். ஒரு நோட்டு எடுத்து, பாசி எங்கே இருக்கிறது (மணலிலா, பாறையிலா, கண்ணாடியிலா, பம்ப் வாயிலா), காலையில் எப்படி, விளக்கு அணையும் நேரத்தில் எப்படி என்று எழுதுங்கள். படம் எடுக்கும்போது நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கு மட்டும் வைத்து எடுங்கள். நீல வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் ஒன்றாகத் தெரியும். யாரிடம் படம் காட்டிக் கேட்டாலும் தப்பான பதில்தான் வரும்.

2. பெயரைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்றதெல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

*டயாட்டம்.* கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புத் தூளாகப் படியும், விரலால் தடவினால் போய்விடும். புதுத் தொட்டியில் முதல் ஒன்றிரண்டு மாதத்தில் வருவது பெரும்பாலும் இதுதான். தண்ணீரிலும் புது மணலிலும் இருக்கிற சிலிகேட்டைத் தின்று வளர்கிறது, அது தீர்ந்தால் தானாகப் போகும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

*பச்சை முடிப்பாசி.* பாறையில் பச்சை நூல் நூலாக, மெத்தென்று வளரும். பிடித்து இழுத்தால் கொத்தாக வரும். மிகச் சாதாரணமான எதிரி. தீனி அதிகம், வெளிச்சம் அதிகம், தின்ன ஆள் இல்லை என்பதுதான் காரணம்.

*பிரையாப்சிஸ்.* தூரத்திலிருந்து முடிப்பாசி மாதிரியே இருக்கும். ஒரு கொத்தைப் பிய்த்து வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்க விட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு தண்டும் இரண்டு பக்கமும் இறகு மாதிரிக் கிளைகளும் இருந்தால் இதுதான். நத்தைகளில் பெரும்பாலானவை இதைத் திரும்பியும் பார்க்காது. நைட்ரேட் என்கிற பாசித் தீனியைக் குறைத்தாலும் அசராது.

*சயனோ.* சிவப்பு அல்லது கருஞ்சிவப்புப் படலமாக மணலை மூடும். பால் ஏடு மாதிரி ஓரத்தைத் தூக்கினால் முழுசாக உரிந்து வரும். இது பாசியே இல்லை, ஒருவகை பாக்டீரியா. அதனால் பாசி தின்னும் நத்தை வாங்கி விட்டுப் பயனில்லை. தண்ணீர் ஓட்டம் குறைந்த மூலையில், கழிவு தேங்கிய இடத்தில்தான் தொடங்கும்.

*குமிழ்ப்பாசி.* கண்ணாடிக் கோலி மாதிரிப் பளபளக்கும் பச்சை உருண்டைகள். அழகாகத்தான் இருக்கும். குழந்தைகள் அமுக்கிப் பார்க்க ஆசைப்படுவார்கள், விடாதீர்கள்.

*டைனோ.* இதில்தான் புதியவர்கள் பணத்தையும் பவளத்தையும் சேர்த்து இழக்கிறார்கள். பழுப்பு நிறம், கோழையான நூல்கள், நூல் நுனியில் காற்றுக் குமிழ். காலையில் மணல் கிட்டத்தட்ட சுத்தமாக இருக்கும், மதியத்துக்கு மேல் மூடிவிடும். நத்தைகள் காரணமில்லாமல் கவிழ்ந்து சாகும். டயாட்டம் என்று நினைத்துக்கொண்டு தண்ணீரை மாற்றி, பாஸ்பேட் உறிஞ்சி போட்டால் இன்னும் பலமாக வரும். ஏனென்றால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் கிடக்கிற தொட்டியில், மற்ற உயிர்கள் பசியில் ஒதுங்கிய இடத்தில்தான் இது குடியேறுகிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை. அந்தக் கோழையைக் கொஞ்சம் உறிஞ்சி ஒரு சின்ன பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். காபி வடிகட்டும் காகிதத்தில் வடித்து, கீழே வந்த தண்ணீரை விளக்குக்கு அடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிவாக வந்த தண்ணீரில் மறுபடியும் நூலாகத் திரண்டால் டைனோ. குழந்தைகளின் பள்ளி மைக்ராஸ்கோப் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. 400 மடங்கு பெருக்கத்தில், ஒரு நுனியைக் கட்டிப்போட்ட மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் ஆஸ்ட்ரியாப்சிஸ். வழுக்கிக்கொண்டு போனால் ஆம்ஃபிடினியமாக இருக்கலாம். இந்த வித்தியாசம் எட்டாவது படியில் தேவைப்படும்.

ஊதா, இளஞ்சிவப்பு நிறத்தில் பாறையோடு கெட்டியாக ஒட்டிய சுண்ணாம்புப் பூச்சு தெரிந்தால் சுரண்டாதீர்கள். அது கோரலைன் என்ற நல்ல பாசி. வர வேண்டியதுதான் வந்திருக்கிறது.

3. அளந்து பாருங்கள், பூஜ்யத்தை நம்பாதீர்கள்

நைட்ரேட், பாஸ்பேட், உப்பளவு, காரத்தன்மை ஆகிய நான்கையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். பவளம் உள்ள தொட்டிக்கு நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம். (பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம்., உப்பு ஆயிரத்துக்கு 35, காரத்தன்மை 8 அல்லது 9 டிகிரி (டி.கே.எச். அளவில்) என்று வைத்துக்கொண்டால் போதும்.

பாஸ்பேட்டுக்கு நிறம் பார்க்கும் சாதாரணக் கிட் வாங்காதீர்கள். 0.03-க்கும் 0.1-க்கும் உள்ள நீல வித்தியாசத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் எந்தக் கண்ணும் பிரிக்காது. ஹன்னா மாதிரி எண்ணைக் காட்டும் சின்னக் கருவிக்குச் செலவழிப்பது வீண் இல்லை. நைட்ரேட்டுக்கு சாலிஃபெர்ட் மாதிரி கிட் போதும்.

இதில் ஒரு பொறி உண்டு. தொட்டி முழுக்க முடிப்பாசி, அளந்தால் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று வரும். "அப்போ தண்ணி சுத்தம்தானே?" என்று தோன்றும். சுத்தம் இல்லை. வருவதையெல்லாம் பாசி அப்போதே தின்றுவிடுகிறது, நீங்கள் அளப்பது மிச்சத்தைத்தான். முடிப்பாசியோடு பூஜ்யம் என்றால் பாசியைக் கையால் எடுங்கள். டைனோவோடு பூஜ்யம் என்றால் அது உண்மையிலேயே பூஜ்யம், தீனியைக் கூட்ட வேண்டும். எண் ஒன்றுதான், அர்த்தம் இரண்டு. அதனால்தான் பெயர் முதலில் என்றேன்.

இன்னொன்று. சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீரில் குறைந்தால் பாறையிலிருந்து மெதுவாக வெளியே விடும். பழைய பாறையை யாரிடமாவது மலிவாக வாங்கியிருந்தால், பல மாதம் ஆனாலும் பாஸ்பேட் இறங்கவில்லையே என்று மலைக்காதீர்கள். இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

4. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறீர்கள் என்றால் இந்தப் படியோடு உங்கள் பிரச்சினையில் பாதி முடியும். சவ்வு வழியாகத் தண்ணீரைச் சுத்தமாக்கும் ஆர்.ஓ. கருவியோடு, மிச்ச உப்பைப் பிடிக்கும் டி.ஐ. பிசின் குழாயும் வேண்டும். வெளியே வரும் தண்ணீரை, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தால் 0 காட்ட வேண்டும். 1, 2 என்று ஏறத் தொடங்கினால் பிசினை மாற்றுங்கள். கருவியைப் போட்டதும் முதல் சில நிமிடம் வரும் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருக்கும், அதை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா வாசிகளுக்கு: ராண்ட் வாட்டர் (இந்தப் பக்கம் குடிநீர் தரும் நிறுவனம்) தண்ணீரில் குளோரின் மட்டும் இல்லை, குளோரமினும் சேர்க்கிறார்கள். சாதாரண கார்பன் வடிகட்டி குளோரமினை அரைகுறையாகத்தான் உடைக்கும். உடைந்ததில் வரும் அம்மோனியா கடைசியில் நைட்ரேட்டாகிப் பாசிக்குப் போகும். கடையில் 'கேட்டலிட்டிக் கார்பன்' என்று கேட்டு வாங்குங்கள். மேட்டுப் பகுதிகளில் குழாய் அழுத்தம் குறைவாக இருந்தால் ஆர்.ஓ. சரியாக வேலை செய்யாது, 3 அல்லது 4 பார் வேண்டும். சின்ன பூஸ்டர் பம்ப் வைத்தால் சரியாகும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று நான்கு லிட்டர் கழிவாகப் போகும். தண்ணீர்க் கட்டுப்பாடு உள்ள ஊரில் அதைக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் பயன்படுத்துங்கள்.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து உயர்நிலத்தின் வறண்ட காற்றில், குறிப்பாகக் குளிர்காலத்தில், தொட்டித் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியானதை ஈடுகட்ட ஊற்றுவது எப்போதும் ஆர்.ஓ. தண்ணீராகவே இருக்க வேண்டும். தண்ணீர்தான் ஆவியாகிறதே தவிர அதில் கரைந்திருப்பது தொட்டியிலேயே தங்கிவிடும். தினமும் ஒரு குடம் குழாய்த் தண்ணீர் சேர்ந்தால் பாஸ்பேட்டும் தினமும் சேரும்.

டர்பன்காரர்களுக்கு வேறு சபலம்: கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே, கேனில் பிடித்து வந்தால் என்ன? பிடிக்கலாம், பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்திலோ, துறைமுகத்திலோ, மழைநீர்க் குழாய் விழும் இடத்திலோ வேண்டவே வேண்டாம். அக்டோபர் முதல் மார்ச் வரை மழைக்காலம். மழை பெய்தால் ஆறுகள் வயல் உரத்தையும் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு கடலுக்கு வரும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் கட்டமைப்பு சேதமடைந்து கடற்கரைகள் மூடப்பட்டது நினைவிருக்கும். நகராட்சி வெளியிடும் கடற்கரை நீர்த் தர அறிக்கையைப் பார்த்துவிட்டு, பல நாள் மழையில்லாத சமயத்தில், கடல் அலை ஏறிவரும் நேரத்தில் பிடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் நைட்ரேட், பாஸ்பேட் அளந்து பார்த்துத்தான் தொட்டிக்கு ஊற்ற வேண்டும். என்னைக் கேட்டால், மூட்டை உப்பும் ஆர்.ஓ. தண்ணீரும்தான் நிம்மதி. செலவு அதிகம், ஆனால் இன்றைக்கு எப்படியோ நாளைக்கும் அப்படியே இருக்கும்.

தண்ணீர் மாற்றுவது பற்றி ஒரு கணக்கு. நைட்ரேட் 40 இருக்கும்போது பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் 36 ஆகும், அவ்வளவுதான். "வாரா வாரம் மாத்துறேன், குறையவே மாட்டேங்குது" என்பவர்கள் இதை யோசிப்பதில்லை. உள்ளே வருவது குறையாமல் மாற்றிக்கொண்டே இருந்தால் உப்புதான் செலவு.

5. வெளிச்சம்: வடக்கு ஜன்னலைக் கவனியுங்கள்

ஊரில் தெற்கு ஜன்னல் பக்கம் வெயில் வரும் என்று பழகியிருப்போம். இங்கே பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம், வெயில் வடக்கிலிருந்து வரும். ஜூன், ஜூலையில் சூரியன் தாழ்வாகப் போவதால் வடக்கு ஜன்னல் வழியாக அறையின் உள்சுவர் வரை வெயில் நீளும். டிசம்பரில் நிழலாக இருந்த இடம்தானே என்று தொட்டியை வைத்தால் குளிர்காலத்தில் பச்சையாகிவிடும். இடம் மாற்ற முடியாவிட்டால் தடித்த திரை போடுங்கள்.

விளக்கை எட்டு மணி நேரத்துக்கு டைமரில் போடுங்கள். வெள்ளை, சிவப்பு, பச்சை அளவைக் குறைத்து நீலத்தை மட்டும் விட்டால் பவளம் வாடாது, பாசிக்குக் கொஞ்சம் குறையும். இதனால் மட்டும் பாசி போகாது.

6. கையால் எடுங்கள்

பலருக்குப் பிடிக்காத படி, ஆனால் இதைவிட வேகமான வழி எதுவும் இல்லை. பாசி தின்ற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதன் உடம்பில் இருக்கின்றன. தொட்டிக்குள்ளேயே சாகவிட்டால் அவ்வளவும் மறுபடி தண்ணீருக்கு வரும். வெளியே எடுத்தால் வீட்டை விட்டே போகும்.

நான் செய்யும் முறை: மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் நுனியில் பழைய டூத்பிரஷை ரப்பர் பேண்டால் கட்டிவிடுவேன். குழாயின் மறுமுனை கீழே ஒரு வாளியில், வாளி வாயில் பழைய காலுறை. பிரஷால் தேய்க்கத் தேய்க்க, பிய்கிற பாசி பறக்காமல் குழாய்க்குள் போய்விடும். காலுறையில் பாசி தங்கும், தண்ணீர் வாளியில் சேரும். முடிப்பாசி என்றால் அந்தத் தண்ணீரையே திருப்பி ஊற்றலாம். சயனோவோ டைனோவோ என்றால் ஊற்றக் கூடாது, கொட்டிவிடுங்கள்.

குமிழ்ப்பாசியைத் தட்டையான கரண்டிக் காம்பால் அடியிலிருந்து நெம்பி, உடையாமல் எடுங்கள். உள்ளே வித்து இருக்கலாம். பக்கத்திலேயே குழாயைப் பிடித்துக்கொண்டால் உடைந்தாலும் உறிஞ்சிவிடும்.

எச்சரிக்கை ஒன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாறையில் பேலித்தோவா, சோவாந்திட் வகைப் பொத்தான் பவளங்கள் இருந்தால் அவற்றில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். கையுறையும் கண்ணாடியும் போடாமல் தேய்க்காதீர்கள். பாசியைக் கொல்கிறேன் என்று பாறையைக் கொதிநீரில் போடவே போடாதீர்கள். ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு.

7. தீனி, ஓட்டம், தின்னும் ஆட்கள்

உறைந்த தீனிக் கட்டியை அப்படியே போடாமல் டீ வடிகட்டியில் வைத்து ஆர்.ஓ. தண்ணீரில் அலசிப் போடுங்கள். மீன் இரண்டு நிமிடத்தில் தின்னும் அளவு போதும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இது கஷ்டம்தான்; "பாவம், வாயைத் திறந்து திறந்து பாக்குது" என்று நாம் இல்லாத நேரத்தில் ஒரு கை போட்டுவிடுவார்கள். ஒரு நாள் தீனியைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு, பெரிய டப்பாவை ஒளித்து வையுங்கள்.

சயனோ வரும் மூலைக்கு ஒரு சின்ன அலைப் பம்பைத் திருப்பிவிடுங்கள். வடிகட்டிக் காலுறையை மூன்று நாளைக்கு ஒருமுறை துவையுங்கள். சம்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டியில்) கீட்டோ என்கிற நூல்கண்டுப் பாசியை வளர்த்து, அது பெருகப் பெருக வெட்டி எறிந்தால், மேலே போக வேண்டிய தீனியை அது எடுத்துக்கொள்ளும்.

நத்தையில் ட்ரோக்கஸ் நல்லது, கவிழ்ந்தால் தானே எழுந்துகொள்ளும். ஆஸ்ட்ரேயா நன்றாகத் தின்னும், ஆனால் கவிழ்ந்தால் அப்படியே கிடந்து சாகும். நசாரியஸை 'பாசி நத்தை' என்று தலையில் கட்டுவார்கள். அது மணலுக்குள் புதைந்திருந்து செத்ததைத் தின்னும், பாசியைத் தொடாது. குமிழ்ப்பாசிக்கு எமரால்டு நண்டு. நீண்ட முடிப்பாசியை நத்தை தின்னாது, நீங்கள் மழித்துவிட்ட இடத்தில் புதிதாக முளைப்பதைத்தான் தின்னும். அதனால் ஆறாவது படிக்குப் பிறகுதான் நத்தை வாங்க வேண்டும். டாங் மீன் பாசியை நன்றாக மேயும், ஆனால் நான்கு அடிக்குக் குறைந்த தொட்டியில் பாசிக்காக ஒரு டாங் வாங்குவது அந்த மீனுக்குச் செய்கிற கொடுமை.

கடற்கரைப் பாறைக்குழியில் நத்தையும் கடல் முள்ளெலியும் சும்மா கிடக்கிறதே என்று பொறுக்கி வராதீர்கள். 1998-ஆம் ஆண்டின் கடல் உயிர்வளச் சட்டப்படி பொழுதுபோக்குக்காக எடுப்பதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், எந்த இனம், எத்தனை என்ற வரம்பும் உண்டு. சீட்டைத் தபால் அலுவலகத்தில் வாங்கலாம். அலிவால் ஷோல், இசிமங்கலிசோ போன்ற பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளில் விதி இன்னும் கடுமை. பவளமும் உயிர்ப்பாறையும் எங்கேயும் எடுக்கக் கூடாது.

8. மருந்து, கடைசியில்

மேலே சொன்னதெல்லாம் செய்தும் போகாததற்கு மட்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

முடிப்பாசி ஒட்டிய சின்னப் பாறைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடைப் பாட்டிலில் சதவீதத்துக்குப் பதில் '10 வால்யூம்', '20 வால்யூம்' என்று போட்டிருக்கும். 10 வால்யூம் என்பது 3 சதவீதம், அதுதான் வேண்டும். 20 வாங்கினால் அது 6 சதவீதம், பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்க்க வேண்டும். பாறையை வெளியே எடுத்து, பவளத்தின் மேல் படாமல் பாசியில் மட்டும் தடவி, சில நிமிடம் விட்டு, உப்புத்தண்ணீரில் அலசித் திரும்ப வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வெளுக்கும். தொட்டிக்குள் நேராக ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லைஸ்மாட்டா வகை இறால்கள் இதற்குத் தாங்காது.

பிரையாப்சிஸுக்கு ஃபுளுகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி வேலை செய்கிறது. லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம் என்ற கணக்கில் போட்டு, வடிகட்டியில் உள்ள கார்பனை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். மனிதர்களுக்கான மருந்து, அதனால் மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வீட்டு அலமாரியில் மிச்சமிருந்த மாத்திரையைத் தேடாதீர்கள்.

சயனோவுக்குக் கெமிகிளீன் என்ற கடை மருந்து. போட்ட பின் 48 மணி நேரம் ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) தாறுமாறாக நுரைக்கும். காற்றுக் கல் கட்டாயம் ஓட வேண்டும், பிறகு ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம். காரணத்தைச் சரி செய்யாவிட்டால் அடுத்த மாதம் திரும்ப வரும்.

டைனோவுக்கு நேர் எதிரான வழி. தண்ணீர் மாற்றத்தை நிறுத்துங்கள். பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிடுங்கள். தீனியைக் கூட்டியோ நைட்ரேட், பாஸ்பேட் கரைசல் சேர்த்தோ நைட்ரேட்டை 5-க்கும் பாஸ்பேட்டை 0.1 பக்கமும் கொண்டுவந்து அங்கேயே பிடித்து வையுங்கள். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் தண்ணீரில் மிதக்கும், அதனால் தொட்டியிலிருந்தே நேராகத் தண்ணீர் இழுக்கும் யு.வி. (புறஊதா) விளக்கு அதைக் கொல்லும். ஆம்ஃபிடினியம் மணலை விட்டு எழாது, அதற்கு யு.வி. வாங்குவது வீண். சிலிகேட் சேர்த்து டயாட்டத்தை வேண்டுமென்றே வளரவிட்டு இடத்தைப் பிடிக்க வைப்பவர்கள் உண்டு. பாசியை ஒழிக்கப் பாசியை வளர்ப்பது முதலில் கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

பாஸ்பேட் உறிஞ்சித் தூள் போடுகிறவர்களுக்கு: டப்பாவில் சொன்னதில் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள். 0.5-ல் இருந்ததை ஒரே வாரத்தில் பூஜ்யமாக்கினால் பவளத்தின் தோல் உரியும், பின்னாலேயே டைனோ வந்து உட்காரும்.

9. கரண்ட் போனால்

2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெடிங் பெருமளவு ஓய்ந்தாலும் உள்ளூர்க் கோளாறுகளில் மணிக்கணக்காக மின்சாரம் போவது நிற்கவில்லை. பம்ப் நின்றால் பாறைக்குள் இருக்கும் நல்ல பாக்டீரியா ஆக்ஸிஜன் இல்லாமல் சாகும், அது அழுகி அடுத்த வாரம் பாசியாக எழும். பாட்டரிக் காற்றுப் பம்ப் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும். இன்வெர்ட்டர் இருந்தால் விளக்கை விட்டுவிட்டு அலைப் பம்பை மட்டும் அதில் மாட்டுங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனே டர்பனைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே பாசியை வாட்ட மூன்று நாள் விளக்கை அணைத்து வைக்கும் வைத்தியம் செய்தால் காற்றுக் கல் இல்லாமல் செய்யாதீர்கள்.

10. காகிதம், செலவு, காலம்

வாடகை வீடு என்றால் தொட்டிக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அடுக்குமாடியில் பாடி கார்ப்பரேட் (வீட்டு உரிமையாளர் சங்கம்) விதியையும் பாருங்கள். 300 லிட்டர் தொட்டி, பாறையும் தாங்கியும் சேர்த்து 400 கிலோவைத் தாண்டும். கல் பவளம், ராட்சதச் சிப்பி, கடற்குதிரை ஆகியவை அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. வாங்கிய ரசீதை எறியாமல் வைத்திருங்கள், விற்கும்போதும் வேறு நாட்டுக்கு மாற்றலாகும்போதும் கேட்பார்கள். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் டெஸ்ட் கிட் சொல்லிவிடலாம். நத்தை, பாசிக் கண்டு, பாறை என்று உயிருள்ள எதையும் பெட்டியில் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

டெஸ்ட் கிட் ஒவ்வொன்றும் சில நூறு ராண்ட், ஆர்.ஓ. கருவி ஆயிரங்களில் வரும். உப்பும் பிசினும் இறக்குமதிச் சரக்கு, ராண்ட் மதிப்பு இறங்கினால் விலை ஏறும். கையில் பணம் குறைவு என்றால் முதலில் ஆர்.ஓ., அடுத்து பாஸ்பேட் கருவி, பிறகு ஸ்கிம்மர். நத்தைக்கும் பாட்டிலுக்கும் மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.

டயாட்டம் சில வாரத்தில் போகும். சயனோ ஓட்டத்தைச் சரி செய்தால் ஒரு மாதம். முடிப்பாசி, வாரா வாரம் கையால் எடுத்தால் இரண்டு மூன்று மாதம். முதல் மாதத்தில் ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும், நோட்டில் எழுதிய எண்கள்தான் ஆறுதல். டைனோவுக்குக் காலம் சொல்ல மாட்டேன், போன மாதிரி போய்த் திரும்பவும் எட்டிப் பார்க்கும்.

எடுத்த பாசியை, குறிப்பாகச் சம்பில் வளர்க்கும் கீட்டோ, காலெர்ப்பா வகைகளை, கடலிலோ சாக்கடையிலோ போடாதீர்கள். வேறு கடலைச் சேர்ந்த பாசி இங்கே வேர்பிடித்தால் யாராலும் எடுக்க முடியாது. வெயிலில் மொறமொறவென்று காயவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.